முழங்கால் மாற்று தீசிஸ்: ரிவியூவுக்கு வராதவர்களை விட்டுவிட்டு முடிவு எழுதலாமா?

பிஜி_எலும்பியல்:

அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் எம்.எஸ். எலும்பியல் படிக்கிறேன். முழங்கால் மூட்டு மாற்று செய்தவர்கள் ஒரு வருடம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்பதுதான் என் தீசிஸ். ஆக்ஸ்ஃபோர்டு முழங்கால் ஸ்கோர் வைத்துப் பார்க்கிறேன் (12 கேள்விகள், மொத்தம் 48, கூடக் கூட நல்லது). தியேட்டர் ரிஜிஸ்டரில் இருந்து பெயர்களை எடுத்தாகிவிட்டது. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பேர் ஒரு வருட ரிவியூவுக்கு (திரும்ப வந்து காட்டும் பரிசோதனைக்கு) வரவே இல்லை.

வந்தவர்கள் பெரும்பாலும் நன்றாக இருக்கிறார்கள். கடைக்குப் போகிறார்கள், படியேறுகிறார்கள், ராத்திரி தூங்குகிறார்கள். எங்கள் யூனிட்டில் ஒரு சீனியர், "வந்தவங்களை மட்டும் எடுத்துக்க, வராதவங்களை எக்ஸ்க்ளூஷன்ல போட்டுடு, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்கிறார். எக்ஸ்க்ளூஷன் என்றால் ஆய்வில் சேர்க்காமல் விடுபவர்கள். கைடிடம் (தீசிஸுக்கு வழிகாட்டும் பேராசிரியரிடம்) இன்னும் பேசவில்லை.

எனக்கு மனசு ஒப்பவில்லை. சமீபத்தில் மெடிசின் வார்டில் ஒரு கன்சல்டேஷனுக்குப் போயிருந்தேன். மூச்சுத் திணறலுக்காகச் சேர்ந்திருந்த ஒரு பாட்டி. வலது முழங்காலில் நீளமான தழும்பு. விசாரித்தால் எங்கள் யூனிட்டில் செய்துகொண்டவர், என் பட்டியலில் 'வரவில்லை' என்று நான் குறித்து வைத்திருந்த பெயர். அந்தக் கால் பாதிகூட மடங்கவில்லை. ஏன் பாட்டி ரிவியூவுக்கு வரல என்று கேட்டேன். "மூணு பஸ் மாறணும் கண்ணு, இந்தக் காலோட எப்படி ஏறுறது?" என்றார்.

இன்னொரு பக்கமும் உறுத்துகிறது. எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு) கூடுதலாக இருந்தால் அனஸ்தீசியாவில் திருப்பி அனுப்புகிறார்கள். எக்கோ (இதய ஸ்கேன்) சரியில்லை என்றாலும் அப்படித்தான். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றால் நாங்களே தயங்குகிறோம். இத்தனை வடிகட்டலுக்குப் பிறகு கிடைக்கும் சதவீதத்தை வைத்து 'முழங்கால் மாற்றினால் இத்தனை பேருக்கு நன்மை' என்று எழுதலாமா? புள்ளியியல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

செல்வி_புள்ளியியல்:

உங்கள் சீனியர் சொல்வதைச் செய்யாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நான் இங்கிலாந்தில் மருத்துவத் தரவுகளோடு வேலை செய்பவள், மூட்டு மாற்று விவரங்களும் அதில் உண்டு. எக்ஸ்க்ளூஷன் என்பது ஆபரேஷனுக்கு முன்பே தெரிந்த காரணங்களுக்காக வைப்பது: முடக்குவாதம், பழைய எலும்பு முறிவு, ஏற்கெனவே மாற்றிய மூட்டு, இப்படி. ரிவியூவுக்கு வராதது ஆபரேஷனுக்குப் பிறகு நடந்த விஷயம். அதற்கும் ரிசல்ட்டுக்கும் தொடர்பு இருக்கலாம். அந்தப் பாட்டியிடம் தொடர்பு இருந்ததை நீங்களே பார்த்துவிட்டீர்கள். அதை எக்ஸ்க்ளூஷன் என்று எழுதினால் படிப்பவருக்கு அவர் இருந்ததே தெரியாமல் போய்விடும்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று காட்ட ஒரு கணக்கு. எண்கள் உதாரணத்துக்குத்தான். 120 பேருக்குச் செய்தீர்கள், 80 பேர் வந்தார்கள், அதில் 72 பேர் நன்றாக இருக்கிறார்கள். வந்தவர்களை மட்டும் எடுத்தால் 90 சதவீதம். வராத 40 பேரும் நன்றாகவே இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் 112 பேர், அதாவது 93 சதவீதம். அந்த 40 பேருமே சரியில்லை என்றால் 72 பேர்தான், 60 சதவீதம். உண்மை 60க்கும் 93க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. உங்கள் தரவுக்கு உறுதியாகத் தெரிந்தது அவ்வளவுதான். 90 என்று ஒற்றை எண்ணை எழுதும்போது, வராதவர்களும் வந்தவர்களைப் போலத்தான் என்று ஒரு அனுமானத்தைச் சொல்லாமல் சேர்க்கிறீர்கள். கவனியுங்கள், 90இலிருந்து மேலே போக 3தான் இடம் இருக்கிறது, கீழே போக 30 இருக்கிறது. ரிசல்ட் எவ்வளவு நன்றாகத் தெரிகிறதோ, விடுபட்டவர்களால் அது அவ்வளவு அதிகமாகக் கீழே இறங்க முடியும்.

இது தீசிஸ் எழுதுபவர்களின் பிரச்சினை மட்டும் இல்லை. 2019இல் லான்செட் மருத்துவ இதழில் இடுப்பு மாற்று மூட்டு எத்தனை வருடம் தாங்கும் என்று ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. தனித்தனி மருத்துவர்களும் மையங்களும் வெளியிட்ட கட்டுரைகளைச் சேர்த்துப் பார்த்தால் 25 வருடத்தில் 77.6 சதவீத மூட்டுகள் மறுபடி மாற்றப்படாமல் இருந்தன. தேசியப் பதிவேடுகளைப் பார்த்தால் 57.9 சதவீதம்தான். பதிவேட்டில் ஊர் ஊராக எல்லா சர்ஜன்களும், எல்லா வகை இம்ப்ளாண்ட்டும் (பொருத்தும் செயற்கை மூட்டும்) வந்துவிடும். கட்டுரை எழுதுபவர்களோ பெரும்பாலும் நிறைய ஆபரேஷன் செய்யும் மையங்கள், சில நேரம் அந்த இம்ப்ளாண்ட்டை வடிவமைத்தவர்களே. ரிசல்ட் மோசமாக இருந்த மையம் உட்கார்ந்து கட்டுரை எழுதுவது அபூர்வம். 20 சதவீத இடைவெளிக்கு முழுக் காரணமும் இதுதான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பெரும் பங்கு இதற்கு உண்டு என்பது என் கருத்து. ஸ்வீடன் 1975இலேயே முழங்காலுக்கும் 1979இல் இடுப்புக்கும் பதிவேடு தொடங்கியதும், ஆஸ்திரேலியா 1999இலும் இங்கிலாந்து 2003இலும் தொடங்கியதும் இதனால்தான் இவ்வளவு முக்கியம்.

ஆனால் பதிவேடு இருந்தால் மட்டும் தீராது. இங்கிலாந்தில் 2009 முதல் இடுப்பு, முழங்கால் மாற்று செய்துகொள்பவர்களிடம் ஆபரேஷனுக்கு முன்பும், ஆறு மாதம் கழித்தும் கேள்வித்தாள் கொடுக்கிறார்கள். உங்கள் ஆக்ஸ்ஃபோர்டு ஸ்கோர்தான். இரண்டாவது கேள்வித்தாளைத் திருப்பி அனுப்பாதவர்கள் யார் என்று ஆராய்ந்தபோது, வயது குறைந்தவர்கள், ஏழ்மையான பகுதிகளில் இருப்பவர்கள், வெள்ளையர் அல்லாதவர்கள், ஆபரேஷனுக்கு முன்பே உடல்நிலை மோசமாக இருந்தவர்கள் அதில் அதிகம் என்று தெரிந்தது. தபால் வீட்டுக்கே வரும் நாட்டிலேயே இந்த நிலை. மூன்று பஸ் மாறி வர வேண்டிய இடத்தில் எப்படி இருக்கும்?

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. எனக்கு இதுதான் அதிகப் பிடித்தம், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் ரிவியூவோடு நின்றுவிடுவார்கள். மூட்டு மாற்று அவசர ஆபரேஷன் இல்லை. செய்யலாம், தள்ளிப்போடலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். அதனால் தியேட்டருக்குள் போகும் முன்பே பல வாசல்கள் இருக்கின்றன: வலி தாங்காமல் டாக்டரிடம் போகிறாரா, டாக்டர் ஆபரேஷன் சொல்கிறாரா, அவர் சம்மதிக்கிறாரா, ஃபிட்னெஸ் கிடைக்கிறதா. ஒவ்வொரு வாசலிலும் ஒரு கூட்டம் நின்றுவிடுகிறது, அப்படி நிற்பவர்கள் பொதுவாக அதிக நோய் உள்ளவர்கள்.

இதன் விளைவு விசித்திரமாகக்கூடத் தோன்றும். ஸ்வீடனில் இடுப்பு மாற்று செய்துகொண்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்த ஆய்வில், ஆபரேஷனுக்குப் பிறகான சுமார் பத்து வருடங்களில் அவர்களிடையே இறப்பு அதே வயதுள்ள பொதுமக்களைவிடச் சற்றுக் குறைவாக இருந்தது. இடுப்பு மாற்றினால் ஆயுள் கூடும் என்று இதைப் படித்துவிடக் கூடாது. இதயமும் நுரையீரலும் தாங்காது என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பொதுமக்கள் கணக்கில்தான் இருக்கிறார்கள், ஆபரேஷன் கணக்கில் இல்லை.

மருத்துவமனைகளை ஒப்பிடும்போதும் இதேதான். இங்கிலாந்தில் காத்திருப்போர் பட்டியலைக் குறைக்க, அரசுச் செலவில் ஆபரேஷன் செய்யும் தனியார் சிகிச்சை மையங்களைக் கொண்டுவந்தார்கள். அங்கே போனவர்களின் ரிசல்ட் வழக்கமான அரசு மருத்துவமனைகளைவிட நன்றாகத் தெரிந்தது. யார் எங்கே போகிறார்கள் என்று பார்த்தால், தனியார் மையங்களுக்குப் போனவர்கள் உடல்நலம் மேலானவர்கள், மூட்டு அவ்வளவு மோசமாகாதவர்கள், வசதியும் சற்றுக் கூடுதல். சிக்கலான நோயாளிகள் ஐசியூ வசதி உள்ள பெரிய மருத்துவமனைக்கே போனார்கள். இதையெல்லாம் கணக்கில் எடுத்துச் சரிசெய்தபோது மிஞ்சிய வித்தியாசம் சிறியது. நாளைக்கு உங்கள் கல்லூரி ரிசல்ட்டை யாராவது தனியார் மருத்துவமனை விளம்பரத்தோடு ஒப்பிட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

என்ன செய்யலாம்? தியேட்டர் ரிஜிஸ்டரில் உள்ள எல்லாரையும் பகுதியாக (சதவீதக் கணக்கின் கீழ் எண்ணாக, டினாமினேட்டராக) வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேருக்குச் செய்தது, எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேரைத் தொடர்புகொள்ள முடியவில்லை, எத்தனை பேர் ஸ்கோர் கொடுத்தார்கள் என்று ஒரு படம் போடுங்கள். ஸ்ட்ரோப் வழிகாட்டுதல் (இது போன்ற ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று சொல்வது) கேட்பதும் இதைத்தான், எந்தத் தேர்வாளரும் குறை சொல்ல முடியாது. அப்புறம் வந்தவர்களையும் வராதவர்களையும் ஆபரேஷனுக்கு முந்தைய விவரங்களில் ஒப்பிட்டு ஒரு அட்டவணை: வயது, சர்க்கரை, ஊர் தூரம், முந்தைய ஸ்கோர், எத்தனை நாள் வார்டில் இருந்தார்கள். வராதவர்களைப் போன்றே இருந்தும் வந்தவர்களுக்குக் கூடுதல் எடை கொடுத்துக் கணக்கிடும் முறைகள் உண்டு, உங்கள் கல்லூரி புள்ளியியல் ஆசிரியரிடம் கேளுங்கள். ஆனால் அது கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கும் விஷயங்களை வைத்துத்தான் சரிசெய்யும். வீட்டில் துணை இருந்ததா என்று யாரும் எழுதவில்லை என்றால் எந்தக் கணக்காலும் அதைச் சரிசெய்ய முடியாது. எல்லாவற்றையும்விட நல்ல வழி, வராதவர்களில் ஒரு பகுதியினரையாவது தேடிப் பிடிப்பது.

---

தாலுகா_பிசியோ:

டாக்டர், நான் தாலுகா அளவில் வேலை செய்யும் பிசியோதெரபிஸ்ட். மேலே மேடம் சொன்ன கணக்கு எனக்கு அவ்வளவாகப் புரியாது. ஆனால் உங்கள் வராத நோயாளிகளை நான் தினமும் பார்க்கிறேன்.

எல்லாரும் பாட்டியைப் போல என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாக இருப்பதாலேயே வராதவர்களும் நிறைய. நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு அம்மா என்னிடம் சொன்னது: "கால் நல்லா இருக்குன்னு சொல்றதுக்கு ஒரு நாள் கூலிய விட்டுட்டுப் போகணுமா தம்பி?" ஆபரேஷன் முடிந்து பெண் வீட்டுக்கு, பையன் வீட்டுக்கு என்று திருப்பூர், சென்னை போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள் இன்னொரு கூட்டம். கால் மடங்காமல் போனவர்கள் பலர் உங்களிடம் திரும்ப வருவதில்லை, எண்ணெய் தேய்த்துவிடுபவரிடம் போவார்கள். டாக்டர் திட்டுவார், பயிற்சி ஏன் செய்யவில்லை என்று கேட்பார் என்ற பயம் நிஜமாகவே இருக்கிறது. சீழ் வைத்தவர்கள் பக்கத்தில் உள்ள தனியார் மருத்துவமனைக்குப் போயிருப்பார்கள். அது உங்கள் ரிஜிஸ்டருக்கு எப்போதும் தெரியாது.

தேடுவதற்கு வழி உண்டு. கேஸ் ஷீட்டில் இருக்கும் எண் பெரும்பாலும் மகனுடையது, பகலில் அடித்தால் அவர் வேலையில் இருப்பார். மாலை ஏழு மணிக்கு மேல் அழையுங்கள், அம்மா பக்கத்தில் இருப்பார். போன் கிடைக்காத ஊர்களுக்கு கிராம சுகாதார செவிலியரைக் கேட்டால் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதாவது தெரியும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே போய் பிசியோதெரபி கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் மூலமாகக் கேட்டால் உதவுவார்கள்.

ஒரு வேண்டுகோள். போனில் கேட்கும்போது மகனையோ மருமகளையோ பதில் சொல்ல விடாதீர்கள். "அம்மா நல்லா இருக்காங்க டாக்டர்" என்று முடித்துவிடுவார்கள். போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லுங்கள். தரையில் உட்கார முடிகிறதா, கழிவறைக்கு எப்படிப் போகிறார் என்று தனியாகக் கேளுங்கள். உங்கள் 12 கேள்விகளில் மண்டியிட்டு எழுவது உண்டு, சம்மணம் போடுவது இல்லை. எங்கள் ஊர்களில் கால் நன்றாக இருக்கிறதா என்பதை அதை வைத்துத்தான் சொல்வார்கள்.

---

ஈரோடு_மகன்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அம்மாவுக்கு 67 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. ஒரு மருத்துவமனையில் 98 சதவீதம் வெற்றி என்று நோட்டீஸ் கொடுத்தார்கள். இதையெல்லாம் படித்தால் பயமாக இருக்கிறது. ஆபரேஷனே பொய் என்கிறீர்களா? குலுக்கல் முறையில் பிரித்து யாரும் சோதித்துப் பார்க்கவில்லையா?

---

செல்வி_புள்ளியியல்:

பொய் இல்லை. சோதித்திருக்கிறார்கள், ரிசல்ட் ஆபரேஷனுக்குச் சாதகமாகத்தான் வந்தது. டென்மார்க்கில் 100 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு முழங்கால் மாற்று, அதோடு பயிற்சி, எடைக் குறைப்பு, மருந்து. மீதிப் பேருக்கு ஆபரேஷன் இல்லாமல் மற்றதெல்லாம். 2015இல் வெளியானது. ஒரு வருடத்தில் ஆபரேஷன் பக்கம் 85 சதவீதம் பேருக்கும், மற்ற பக்கம் 68 சதவீதம் பேருக்கும் உணரத்தக்க முன்னேற்றம். ஆபரேஷன் பக்கம் தீவிர பாதகங்களும் அதிகம்: 24 நிகழ்வுகள், மற்ற பக்கம் 6.

இதிலும் வாசல் உண்டு. வலி 100க்கு 60க்கு மேல் இருந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்பதைக் குலுக்கலுக்கு விட்டுவிடச் சம்மதித்தவர்கள் மட்டுமே உள்ளே வந்தார்கள். ராத்திரி முழுக்க வலியில் உட்கார்ந்திருப்பவர் அதற்குச் சம்மதிக்க மாட்டார். அதனால் உங்கள் அம்மாவின் வலி நடுத்தரம் என்றால் இந்த எண்கள் அவருக்குப் பொருந்தும். படுமோசம் என்றால் இந்த ஆய்வு அவரைப் பற்றிப் பேசவில்லை.

98க்கு வருவோம். நோயாளிகளைப் பொறுக்கி எடுக்காத ஆய்வுகளை மட்டும் சேர்த்து 2012இல் ஒரு தொகுப்பு வந்தது. அதில் தரமான ஆய்வுகளின்படி, முழங்கால் மாற்றியவர்களில் சுமார் 20 சதவீதம் பேருக்கும், இடுப்பு மாற்றியவர்களில் 9 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளவர்களுக்கும் நீண்டநாள் வலி நிலைத்தது. ஐந்தில் நான்கு பேருக்கு நல்லபடியாக முடிவது சாதாரண விஷயம் இல்லை. அந்த மருத்துவமனையில் கேளுங்கள்: எது வெற்றி? மூட்டு இன்னும் இடத்தில் இருப்பதா, வலி போனதா? 98 என்பது எத்தனை பேரில், ஆபரேஷன் செய்த எல்லாரிலுமா, திரும்பி வந்தவர்களிலா? அம்மாவைப் போல இரண்டு காலும் தேய்ந்து, அதே சர்க்கரை அளவோடு இருந்தவர்கள் எப்படி இருக்கிறார்கள்? இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் சர்ஜன் கிடைத்தால் நம்பிப் போங்கள்.

மூட்டு இடத்தில் இருப்பதை வெற்றி என்று எடுப்பதில் இன்னொரு சிக்கல். வலியோடு இருக்கும் 80 வயதுக்காரருக்கு மறு ஆபரேஷன் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டால், பதிவேட்டில் அந்த மூட்டு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மூட்டுதான்.

---

பிஜி_எலும்பியல்:

எல்லாருக்கும் நன்றி. கைடிடம் பேசினேன். எல்லாரையும் பகுதியில் வைக்கச் சம்மதித்தார், ஆனால் 'டைம் இருக்காம்மா?' என்று கேட்டார். போனில் அழைப்பதற்கு எதிக்ஸ் கமிட்டியில் திருத்தம் போட்டிருக்கிறேன். பிசியோ சார் சொன்ன சம்மணக் கேள்வியை ஸ்கோரோடு கலக்காமல் தனியாகச் சேர்த்துவிட்டேன்.

இரண்டு சந்தேகம். இறந்தவர்களை எங்கே வைப்பது? என்னோடு படிக்கும் கோ-பிஜி ஒருவன், இரண்டு முழங்காலையும் ஒரே நாளில் மாற்றியவர்களையும் சில மாத இடைவெளியில் மாற்றியவர்களையும் ஒப்பிடுகிறான். அவனுக்கும் ஏதாவது சொல்ல வேண்டுமா?

---

செல்வி_புள்ளியியல்:

இறந்தவர்களைத் 'தொடர்பு கிடைக்காதவர்' கணக்கில் கலக்காதீர்கள். தனி வரி, ஆபரேஷனில் இருந்து எத்தனை நாள் கழித்து என்பதோடு. முதல் 90 நாளுக்குள் என்றால் காரணத்தையும் எழுதுங்கள். அவர்களுக்கு ஸ்கோர் கிடையாது, பூஜ்யம் போடவும் கூடாது.

உங்கள் கோ-பிஜியிடம் அவசியம் சொல்லுங்கள், அவருடைய ஒப்பீடு உங்களுடையதைவிடச் சிக்கலானது. ஒரே நாளில் இரண்டு காலும் செய்ய இதயம் நன்றாக உள்ளவர்களைத்தான் எடுப்பார்கள், அது எல்லாருக்கும் தெரியும். எதிர்ப்பக்கத்தில் இருப்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. இடைவெளி விட்டுச் செய்த குழுவில் வருபவர் யார்? முதல் கால் நல்லபடியாக முடிந்து, துணிந்து இரண்டாவதுக்கு வந்தவர். முதல் காலில் சீழ் வைத்தவர், ரத்தம் உறைந்து போனவர், வலி போகாமல் 'ஒண்ணு போதும் சாமி' என்று போனவர், இறந்தவர் யாருமே அந்தக் குழுவில் இல்லை. தியேட்டர் ரிஜிஸ்டரில் அவர்கள் ஒற்றைக் கால் ஆபரேஷனாகக் கிடப்பார்கள். ஒரே நாளில் செய்த குழுவிலோ நடந்த எல்லாச் சிக்கலும் கணக்கில் ஏறும். அப்படி ஒப்பிட்டால் இடைவெளி விட்டுச் செய்வது பாதுகாப்பானதாகத் தெரியும், உண்மையிலேயே அப்படி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

முதல் ஆபரேஷன் அன்று 'இரண்டும் செய்யத் திட்டம்' என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்த எல்லாரையும் அவர் எடுக்க வேண்டும், இரண்டாவது நடந்ததோ இல்லையோ. எழுதவில்லை என்றால், முதல் நாள் எக்ஸ்ரேயில் இரண்டு காலும் ஒரே அளவு தேய்ந்திருந்த ஒற்றைக் கால்காரர்களை எடுத்துப் பார்க்கலாம். ஃபைல்களை முழுக்கப் புரட்ட வேண்டியிருக்கும், இப்போதே தொடங்கச் சொல்லுங்கள்.